மூன்றாவது அவுட்

வானொலியில் நாற்பது சதவீதம் என்றார்கள்.
நாற்பது என்றால் மினசோட்டாவின் இந்த மூலையில்
நனைவாய் என்று பொருள்.

மாலை ஐந்துக்கே மேசைமேல் எல்லாம் பரப்பிவிட்டேன்.
கறுப்புக் குப்பைப் பை இரண்டு,
ஒன்று உட்கார, ஒன்று உடுத்த.
தலைக்கும் கைகளுக்கும்
கத்தரியால் மூன்று ஓட்டை.
ரொட்டி வந்த பிளாஸ்டிக் உறைகள்
காலுறைக்கு மேலே, ஷூவுக்கு உள்ளே.
ஸ்கோர் நோட்டுக்கு ஜிப் பை.
பேனா வேண்டாம், மழையைக் கண்டால் அழும்.
பென்சில்.

குடை கிடையாது.
விரித்தால் பின்வரிசை டெல்மா ஸ்க்ரோபாக்
ஆட்டம் முடியும்வரை
என் பிடரியோடு பேசுவாள்.

கிளம்புமுன் கூடத்தில் வாளி வைத்தேன்,
ஏப்ரலிலிருந்து ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே.
லோரென் எப்போதோ போய்விட்டிருந்தான்.
மைதானத்தில் தார்ப்பாய் இழுக்கும் குழுவுக்கு அவன்தான் தலைவன்.
பந்துவீசும் மேட்டில் ஒரு துளி விழுந்தாலும்
அவனுக்குப் பொறுக்காது.
கூடத்துத் தரைக்கு மட்டும்
அந்த யோகம் இல்லை.
செவ்வாய்க்கிழமையிலிருந்து
உப்பு வேண்டுமென்றால்கூட
கையைத்தான் நீட்டிக்கொள்கிறோம்.

ஏழு மணி. விளக்குக் கம்பங்கள் எட்டும் எரிந்தன.
வேலிக்கு அப்பால் சோளம்,
சோளத்துக்கு அப்பால் வானம்
அடிபட்டுக் கன்றிய முழங்கால் நிறத்தில்.
முன்வரிசைப் பையன் கைபேசியைத் திருப்பிக் காட்டினான்:
பச்சைத் திட்டு நகர்கிறது,
பச்சைக்குள் மஞ்சள்,
மஞ்சளுக்குள் சிவப்பாக ஒரு விதை.

எங்கள் லீகின் விதி இதுதான்.
நாங்கள் முன்னால் இருந்தால்
ஐந்தாவது இன்னிங்ஸில் வந்தவர்கள்
மூன்று பேர் அவுட்டாக வேண்டும்.
அதற்குப் பின் கொட்டினால் வெற்றி.
அதற்கு முன் கொட்டினால்
ஆட்டமே நடக்கவில்லை,
நான் எழுதியதெல்லாம் பொய்.

மூன்றுக்கு இரண்டு, நாங்கள்தான் மேலே.
டீக் ஓல்மன்சன், பகலில் ரொட்டி வண்டி ஓட்டுபவன்,
கடைசிக் கடைக்கு நேரமானதுபோல்
வீசிக்கொண்டே இருந்தான்.
ஒன்று.
இரண்டு.

மூன்றாவதாக வந்தவன் கெட்டிக்காரன்.
ஷூ கயிறு கட்டினான்.
மற்ற ஷூவின் கயிறும் கட்டினான்.
மட்டையைத் துடைத்தான், ஹெல்மெட்டைத் துடைத்தான்,
கண்ணில் தூசி என்றான்.
தூசி எங்கே பறக்கும், காற்றைப் பிழிந்தால் நீர் வரும்போது?
"கட்டினது போதும்டா, கல்யாணமா நடக்குது?"
டெல்மாவின் குரல்.
அம்பயர் மேலே பார்த்தார், கடிகாரம் பார்த்தார்.

ஒரு ஸ்ட்ரைக்.
இன்னொரு ஸ்ட்ரைக்.
பென்சிலைக் கட்டத்தின்மேல் வைத்துக் காத்திருந்தேன்.
துளி விழுந்தது
மிகச்சரியாக அந்தக் கட்டத்தில்.

பிறகு எண்ண முடியவில்லை.
அம்பயர் இரண்டு கைகளையும் தூக்கினார்.

தார்ப்பாய்க்குப் பன்னிரண்டு பேர் வேண்டும்.
ஒன்பது பேர் இருந்தார்கள்.
மற்ற மூவர்
அறுத்த புல்லை மூட வயலுக்குப் போயிருந்தார்கள்.
காற்று உள்ளே புகுந்ததும்
பாய் எழுந்தது, உருளையோடு சேர்ந்து வாலிபன் ஒருவனையும் தூக்க.
லோரென் ஒரு மூலையின்மேல்
குப்புறப் படுத்துக்கொண்டான்.
சிரித்தேன். செவ்வாய்க்குப் பிறகு முதல் தடவை.

வேலியை எப்போது தாண்டினேன் தெரியாது.
கம்பியில் என் உடுப்பு கிழிந்தது,
ரொட்டி உறைக்குள் தண்ணீர் சளசளத்தது,
விளிம்பைப் பிடித்து மண்டியிட்டேன்.
திரும்பினால்
டெல்மா தன் பைக்குள்ளிருந்து
குடை ஒன்றை எடுத்து விரிக்கிறாள்.
நீலப் பூப்போட்ட குடை.
இத்தனை வருஷம்!

கடைசி மணல் மூட்டையை வைத்துவிட்டு
லோரென் என் பக்கம் வந்து நின்றான்.
மூக்கு நுனியில் நீர்.
மண் முழுக்கக் காய்ந்திருந்தது, பாய்க்குக் கீழே.

"வாளி வச்சியா?"
"வச்சேன்."
"பெரிசா, சின்னதா?"

கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.

"சின்னது."